தாய்மாமன் என்ற சான்று: எக்ஸ் குரோமோசோம் வழிக் குறைபாடுகளை உலகம் எடைபோட்ட வரலாறு

படிவம் ஐந்து உயிரியலில் மரபுவழி பற்றிய 11-ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். பால் இணைந்த மரபு என்றதும் நிறக்குருடும் ஹீமோஃபிலியாவும் வந்து நிற்கும். தாயிடமிருந்து மகனுக்கு எக்ஸ், தந்தையிடமிருந்து மகனுக்கு ஒய். கட்டம் போட்டு 1/2, 1/4 என்று எழுதிப் புள்ளி வாங்கிவிடலாம். ஆனால் மாணவர்கள் கேட்கும் கேள்வி வேறு. "நம்ம பள்ளி சிறப்புக் கல்வி வகுப்பில் பையன்கள்தானே அதிகமா இருக்காங்க, ஏன்?" நான் தமிழாசிரியர், உயிரியல் என் பாடம் இல்லை. இருந்தாலும் இந்தக் கேள்வி தமிழ் வகுப்புக்குள்ளும் வருகிறது, பெற்றோர் சந்திப்பிலும் வருகிறது. பெற்றோர் சந்திப்பில் அது கேள்வியாக வருவதில்லை, குற்றச்சாட்டாக வருகிறது. "அவ வழியில வந்தது" என்று ஒரு பாட்டி மருமகளைக் காட்டிச் சொல்வார். "சொந்தத்தில் கட்டினதால்தான்" என்று இன்னொருவர் சொல்வார்.

இந்த இரண்டு பேச்சுக்கும் சான்று உண்டா? அதற்கு விடை தேடத்தான் இந்தக் கட்டுரை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளை மருத்துவ உலகம் எப்படிக் கண்டறிந்தது, எதை நம்பியது, எதைத் திரும்பப் பெற்றது என்ற வரலாறு ஏறக்குறைய 90 ஆண்டுகள் நீளமானது. மரபியலைப் பாடமாகப் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்று. சுங்கை காடுட் பக்கம் தோட்டத்தில் இருந்தாலும் சிரம்பான் நகரில் இருந்தாலும், மலேசிய மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி சோதனை செய்வார்கள். குறைபாடு இருந்தால் தாயிடம் சொல்லி அனுப்புவார்கள்: துணி அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் மருந்து கொடுக்காதீர்கள். இந்த ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால்தான் பையன்களுக்கு அதிகம். குறைபாடுள்ள குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையானால் பிலிருபின் மூளைக்குப் போய்க் கேட்கும் திறனையும் உடல் அசைவையும் கெடுத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் ஒளிச்சிகிச்சை கொடுத்துத் தடுத்துவிடலாம். ஒரு மரபணுவின் சான்று உறுதியானால் நாடு அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு கிடையாது. நாம் பார்க்கப்போகும் மற்ற குறைபாடுகளில் சான்று இவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

இப்போது உறவுமுறைக்கு வருவோம். ஆங்கிலத்தில் "அங்கிள்" என்றால் தாயின் சகோதரனும் அதுதான், தந்தையின் சகோதரனும் அதுதான். "கஸின்" என்றால் நான்கு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்று. தமிழில் அப்படியில்லை. தாய்மாமன் வேறு, சித்தப்பா வேறு. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி. மாமன் பிள்ளை மச்சான். எக்ஸ் வழிக் குறைபாடு எந்த ஆண்களிடம் தென்படும்? ஒரு பையனுக்கு இருந்தால், அதே குறைபாடு அவனுடைய தாய்மாமனிடமும் பெரியம்மா, சின்னம்மா மகன்களிடமும் இருக்க வாய்ப்பு உண்டு. சித்தப்பாவிடம் அதே எக்ஸ் இருக்காது, ஏனென்றால் பையனுக்குத் தந்தை வழி எக்ஸ் வருவதே இல்லை. அதனால் நம் உறவுச் சொற்களிலேயே வம்சாவளிப் படத்தின் பாதி இருக்கிறது. மரபியல் மருத்துவர் அரை மணி நேரம் கேட்டுக் கண்டுபிடிப்பதை ஒரு பாட்டி "அவனுக்கு மாமன் மாதிரி" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அந்த வரி சான்றா, வெறும் பேச்சா என்று பிரிப்பதுதான் கடினம்.

இந்த அறிவு மிகப் பழையது. யூதர்களின் தல்மூத் நூலில் செப்போரிஸ் என்ற ஊரின் நான்கு சகோதரிகளின் கதை வருகிறது. முதல் மூவரின் மகன்களும் விருத்தசேதனத்தின்போது இறந்துவிட்டனர். நான்காவது சகோதரி கேட்க வந்தபோது, உன் மகனுக்குச் செய்ய வேண்டாம் என்று குரு சொல்லிவிட்டார். இரத்தப்போக்கு நோய் சகோதரிகளின் மகன்களில் வருகிறது என்பதைக் குரோமோசோம் என்ற சொல் பிறப்பதற்கு 1,600 ஆண்டுகளுக்கும் முன்பே கவனித்திருக்கிறார்கள்.

ஒரு சிறு விலகல். நெகிரி செம்பிலான் மாணவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். நம் மாநில மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தேயில் 'சுக்கு' எனப்படும் குலம் தாய்வழியே போகிறது. ரெம்பாவ் நண்பர்களைக் கேட்டால் தாயின் சுக்கைத்தான் சொல்வார்கள். உடனே மாணவர்கள் "எக்ஸும் அப்படித்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போவது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. எக்ஸ் அப்படியில்லை, ஒவ்வொரு தந்தையும் தன் எக்ஸை எல்லா மகள்களுக்கும் கொடுக்கிறார். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

1938-க்கு வருவோம். நம் வரலாற்றில் இந்த ஆண்டு தெரிந்ததுதான். மலாயாவுக்கு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு அந்த ஆண்டில்தான் தடை செய்தது. அதுவரை கங்காணிகள் சொந்த ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களையே சேர்த்து அழைத்து வந்தார்கள். ஒரு தோட்டத்து லயத்தில் மாமன், மச்சான், அத்தை எல்லாரும் அடுத்தடுத்த கதவில் இருந்தது அதனால்தான். அதே 1938-இல் இங்கிலாந்தில் லயோனல் பென்ரோஸ் என்ற மருத்துவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோல்செஸ்டர் நகரில் அறிவுத்திறன் குறைந்தோருக்கான இல்லத்தில் இருந்த 1,280 பேரையும் அவர்கள் குடும்பங்களையும் ஆராய்ந்த அறிக்கை அது. அவர் எண்ணியபோதும் ஆண்களே அதிகம் இருந்தனர்.

உடனே எக்ஸ் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பரீட்சை மாணவர்கள் நின்று யோசிக்க வேண்டும். இல்லத்தில் இருப்பவர்களை எண்ணினால் இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர்களைத்தான் எண்ணுகிறோம். முரட்டுத்தனம் செய்யும் பையனை வெளியே அனுப்பிவிடுவார்கள். அமைதியாகப் பாத்திரம் தேய்க்கும் பெண் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். நம் சிறப்புக் கல்வி வகுப்பிலும் இதே கதைதானே? பெண் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் "பரவாயில்லை, வீட்டு வேலை கத்துக்கிட்டாப் போதும்" என்று சொன்ன குடும்பங்கள் தோட்டத்தில் இருந்தன. ஆகவே தலை எண்ணிக்கை ஒரு சந்தேகத்தை எழுப்பும், அதற்கு மேல் எதையும் நிரூபிக்காது. பென்ரோஸ் கவனமானவர். அந்த எண்ணிக்கையை வைத்து எக்ஸ் மேல் பழி போட அவர் அவசரப்படவில்லை.

அடுத்த அடி வம்சாவளிப் படம். 1943-இல் ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் மருத்துவரும் ஜூலியா பெல் என்ற ஆய்வாளரும் ஒரே ஆங்கிலக் குடும்பத்தில் இரண்டு தலைமுறைகளில் 11 ஆண்களுக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்ததைப் படமாக வரைந்து வெளியிட்டனர். லேசான பாதிப்புடன் இரண்டு பெண்களும் இருந்தனர். குறைபாடு பெண்கள் வழியாக ஆண்களுக்கு வருவதை அந்தப் படம் காட்டியது.

ஜூலியா பெல்லைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1879-இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தராது, அதனால் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு மருத்துவமும் படித்தார். 1937-இல் ஜே.பி.எஸ். ஹால்டேனுடன் சேர்ந்து, நிறக்குருடு மரபணுவும் ஹீமோஃபிலியா மரபணுவும் எக்ஸில் அருகருகே இருப்பதைக் காட்டினார். பாடநூல் தரும் அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே பெண்ணின் ஆய்வில் இணைகின்றன! ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964-இல் புவனேஸ்வரில் இறந்தார். பெல் 1979 வரை, நூறு வயது வரை வாழ்ந்தார்.

சரி, 11 ஆண்கள் ஏன் வலுவான சான்று? நாணயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடத்தி எனப்படும் தாயிடம் இரண்டு எக்ஸ். மகனுக்கு எது போகும் என்பது தலையா பூவா என்பது போல. பாதிக்கப்பட்ட அண்ணன் தம்பி இருவரும் தாயின் எக்ஸில் ஓரிடத்தில் ஒரே பகுதியைப் பெற்றிருப்பது தற்செயலாகவே நடக்க 1/2 வாய்ப்பு உண்டு. மூன்று சகோதரர்கள் என்றால் 1/4. இப்படியே சுதந்திரமான பத்துக் கடத்தல்கள் ஒத்துப்போனால் 1/1024. அதாவது, பெரிய குடும்பம் பெரிய சான்று. இரண்டு பையன்கள் மட்டும் உள்ள குடும்பம் நாணயத்தை ஒரே முறை சுண்டியது போல. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். பிற்காலத்தில் மெத்தப் படித்தவர்களே இதை மறந்தார்கள்.

1969-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் லப்ஸ் ஒரு குடும்பத்தின் குறைபாடுள்ள ஆண்களின் இரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது எக்ஸ் குரோமோசோமின் நுனி ஒடிந்து தொங்குவது போலத் தெரிந்தது. முதன்முறையாகக் கண்ணால் பார்க்கும் சான்று. ஆனால் மற்ற ஆய்வகங்கள் தேடியபோது பெரும்பாலும் கிடைக்கவில்லை. லப்ஸ் கண்டது உண்மையா என்ற ஐயம் பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் ஆஸ்திரேலியாவின் கிராண்ட் சதர்லண்ட். மெல்பர்னில் வேலை செய்தபோது அவருக்கு அந்த ஒடிசல் தெரிந்தது. அடிலெய்டுக்கு மாறிய பிறகு தெரியவில்லை. அதே மாதிரி நோயாளிகள், அதே முறை, ஆனால் ஒன்றும் இல்லை. எது மாறியது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். அணுக்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல் மாறியிருந்தது. பழைய கரைசலில் ஃபோலிக் அமிலம் குறைவு, புதியதில் தாராளம். ஃபோலிக் அமிலம் குறைந்தால்தான் ஒடிசல் கண்ணுக்குத் தெரியும். 1977-இல் இதை வெளியிட்டார். அதாவது மற்ற ஆய்வகங்கள் நல்ல கரைசலுக்கு மாறியதாலேயே சான்றைத் தொலைத்துவிட்டிருந்தன. "இல்லை" என்று வந்த சோதனை முடிவு குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் கரைசலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அறிவியல் வகுப்பில் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஒன்றை மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. 1981-இல் மார்ட்டின், பெல் வரைந்த பழைய குடும்பத்தையே மறுபடி தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அங்கும் அதே ஒடிசல். குறைபாட்டுக்கு 'ஃப்ரஜைல் எக்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. நாம் நொய்ந்த எக்ஸ் என்று சொல்லலாம்.

இதே கண்டுபிடிப்பிலிருந்து ஒரு தவறான கிளையும் முளைத்தது. ஃபோலிக் அமிலம் குறைந்தால் ஒடிசல் தெரிகிறது, அப்படியானால் பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் சரியாகிவிடுமோ? 1980-களில் பல குடும்பங்கள் நம்பிக் கொடுத்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று பெற்றோருக்கும் டாக்டருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகள் உறுதியான பலன் எதையும் காட்டவில்லை. கண்ணாடித் தட்டில் நடப்பது வேறு, பிள்ளையின் மூளையில் நடப்பது வேறு.

இன்னொரு கிளை அதைவிட மோசம். 1972-இல் ராபர்ட் லெர்க் என்பவர், அறிவுத்திறன் சார்ந்த மரபணுக்கள் எக்ஸில் அதிகம் என்று எழுதினார். குறைபாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எக்ஸில் அப்படிப்பட்ட மரபணுக்கள் நிறைய இருப்பதைக் காட்டின. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஆண்களில் கீழ்நிலையும் அதிகம், மேல்நிலையும் அதிகம் என்ற முடிவுக்கும் தாவினார். ஆன் அனஸ்தாசி என்ற உளவியலாளர், கருதுகோள் இருக்கிறது, தரவு எங்கே என்ற பாணியில் அப்போதே மறுப்பு எழுதினார். குறைபாட்டைப் பற்றிய சான்று மேதைமையைப் பற்றிய சான்று ஆகாது. மாணவர்கள் இணையத்தில் "ஆண் மூளை, பெண் மூளை" என்று எதையாவது படித்துவிட்டு வந்தால் இந்த 1972 கதையைச் சொல்லுங்கள்.

நொய்ந்த எக்ஸில் இன்னும் ஒரு புதிர் இருந்தது. கட்டம் போட்டால் கணக்கு ஒத்துவரவில்லை. 1980-களின் நடுவில் ஸ்டெஃபனி ஷெர்மனும் அவர் குழுவும் நிறைய குடும்பங்களை ஆராய்ந்தார்கள். சில ஆண்கள் நன்றாக இருப்பார்கள், ஆனால் அவர்களுடைய மகள்களின் மகன்களுக்குக் குறைபாடு வரும். அப்படிப்பட்ட ஆணின் சகோதரர்களுக்கு ஆபத்து சுமார் 9 விழுக்காடு. அவருடைய பேரன்களுக்கோ சுமார் 40 விழுக்காடு. ஒரே மரபணு, ஒரே குடும்பம், தலைமுறை இறங்க இறங்க ஆபத்து ஏறுகிறது. மெண்டல் விதிப்படி இது நடக்கவே கூடாது. ஷெர்மன் முரண்பாடு என்று இதற்குப் பெயர்.

1991-இல் விடை வந்தது. எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவின் தொடக்கத்தில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு 44 முறை வரை. 55 முதல் 200 வரை இருந்தால் 'முன்திரிபு'. அந்த நபர் பொதுவாக நன்றாகவே இருப்பார். 200-ஐத் தாண்டினால் மரபணு பூட்டிக்கொள்ளும், மூளைக்கு வேண்டிய புரதம் உருவாகாது. முன்திரிபு தந்தையிடமிருந்து மகளுக்குப் போகும்போது முழுத்திரிபாக மாறுவதில்லை. தாயிடமிருந்து போகும்போதுதான் நீண்டு முழுத்திரிபாகிறது. ஆகவே தாத்தா நன்றாக இருப்பார், அம்மா நன்றாக இருப்பார், பேரனுக்கு வரும். தந்தையின் எக்ஸ் எல்லா மகள்களுக்கும் போகிறது என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் உதவுகிறது. "அவ வழியில வந்தது" என்று சொல்லும் பாட்டிக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான். அவள் வழி என்றால் அவளுடைய அப்பா வழியாகவும் இருக்கலாம்.

அப்படியும் ஒரு கண்டிப்பான ஆசிரியர் கேட்பார்: நீட்சி இருப்பது தெரிகிறது, ஆனால் நோய்க்குக் காரணம் இந்த மரபணுதான் என்று எப்படித் தெரியும்? பக்கத்து மரபணு ஏதாவது கெட்டிருக்கலாமே? நியாயமான கேள்வி. 1992, 1993 ஆண்டுகளில் விடை வந்தது. சி-ஜி-ஜி நீட்சியே இல்லாத சில நோயாளிகள் கிடைத்தார்கள். ஒருவரிடம் மரபணு அறுந்து போயிருந்தது. இன்னொருவரிடம் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இருவருக்கும் அதே வகைக் குறைபாடு. வழி வேறு, கெட்ட மரபணு ஒன்று, விளைவு ஒன்று. அதன் பிறகுதான் வழக்கு முடிந்தது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 4,000 முதல் 7,000 ஆண்களில் ஒருவருக்கு முழுத்திரிபு இருக்கிறது.

ரெட் நோய்க்குறி இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே வரும். வியன்னாவின் ஆண்ட்ரியாஸ் ரெட் தம் காத்திருப்பு அறையில் இரண்டு சிறுமிகள் கைகளை ஒரே மாதிரி பிசைந்துகொண்டிருப்பதைக் கவனித்து, 1966-இல் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது 1983-இல், ஸ்வீடனின் ஹாக்பெர்க் குழு 35 சிறுமிகளைப் பற்றி எழுதிய பிறகு. 1999-இல் ஹுடா சோக்பியின் ஆய்வகம் எம்.இ.சி.பி.2 என்ற எக்ஸ் மரபணுவைக் கண்டுபிடித்தது. பெரும்பாலும் இந்தத் திரிபு பரம்பரையாக வருவதில்லை, புதிதாகத் தோன்றுகிறது. அப்படித் தோன்றும் இடம் பெரும்பாலும் தந்தையின் விந்தணு. யாரும் செய்த தவறு இல்லை, டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப்பிழை. "எக்ஸ் என்றால் அம்மா" என்ற சூத்திரத்தை இந்த ஒரு நோயே உடைத்துவிடுகிறது.

இதற்குப் பிறகு வந்த காலம் எனக்குக் கொஞ்சம் கவலை தருவது. மரபணுவைப் படிக்கும் கருவிகள் மலிவாயின. ஒரு பையனிடம் எக்ஸில் ஓர் அரிய மாற்றம் தெரிந்தால் "புதிய மரபணு கண்டுபிடிப்பு" என்று கட்டுரை. சில கட்டுரைகளுக்கு ஆதாரம் ஒரு சிறு குடும்பமோ சில தனி நோயாளிகளோதான். நாணயத்தை ஒரு முறை சுண்டிய கதை! 2002-இல் ஏ.ஜி.டி.ஆர்.2 என்ற மரபணுவைப் பற்றிய அப்படியொரு கட்டுரை 'சயின்ஸ்' இதழிலேயே வந்தது.

சோதனை 2009-இல் வந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எக்ஸ் வழிக் குறைபாடு இருக்கலாம் என்று கருதப்பட்ட 208 குடும்பங்களில் எக்ஸின் 718 மரபணுக்களைப் படித்தார்கள். சில புதிய மரபணுக்கள் கிடைத்தன. கூடவே யாரும் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது: எக்ஸில் இருக்கும் மரபணுக்களில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ முற்றிலும் அறுந்துபோனாலும் ஆண்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். இதன் பொருளை யோசியுங்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மாற்றுப் பிரதி கிடையாது. அது அறுந்தும் ஒருவர் நன்றாக இருந்தால், அந்த மரபணுவை மட்டும் வைத்துக் குறைபாட்டை விளக்க முடியாது.

2013-இல் அமெலி பிட்டோன், ஜான்-லூயி மாண்டெல் ஆகியோரின் குழு பிரான்சிலிருந்து இந்த வாதத்தை முழுமையாகப் பயன்படுத்தியது. அறிவுத்திறன் குறைபாட்டுக்குக் காரணம் என்று அதுவரை எழுதப்பட்ட 106 எக்ஸ் மரபணுக்களை எடுத்துக்கொண்டு, பொது மக்கள் ஆயிரக்கணக்கானோரின் தரவில் அதே மாற்றங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். 10 மரபணுக்கள் மேல் பலத்த ஐயம் எழுந்தது. ஏ.ஜி.டி.ஆர்.2 அதில் ஒன்று. இன்னும 15 மரபணுக்களுக்கு மறு ஆய்வு தேவை என்று சொன்னார்கள். அந்தப் பதினைந்தில் என்.ஏ.ஏ.10, சி.என்.கே.எஸ்.ஆர்.2 போன்ற சில பின்னர் புதிய குடும்பங்கள் கிடைத்து உறுதியாயின. அதாவது ஐயப்படுவதும் ஒரு தீர்ப்பு ஆகிவிடாது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் "உங்கள் பிள்ளைக்குக் காரணம் இதுதான்" என்று சொல்லப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல்லை நம்பி ஒரு தங்கை கல்யாணம் வேண்டாம் என்று இருந்திருக்கலாம், ஒரு தாய் அடுத்த பிள்ளையை வேண்டாம் என்றிருக்கலாம்.

இப்போது முறை ஒழுங்காகியிருக்கிறது. 2015-இல் அமெரிக்க மரபியல் அமைப்புகள் மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கும் விதிகளைக் கொண்டுவந்தன: நோய் தருவது, நோய் தரக்கூடும், பொருள் தெளிவற்றது, தீங்கற்றதாக இருக்கக்கூடும், தீங்கற்றது. பெற்றோர் கையில் இருக்கும் அறிக்கையில் "பொருள் தெளிவற்றது" என்று இருந்தால் அது நோய் என்று பொருள் இல்லை, நோய் இல்லை என்றும் பொருள் இல்லை. மரபணுக்களுக்கே தனித் தரவரிசை உண்டு. கிளின்ஜென் என்ற அமைப்பு ஒவ்வொரு மரபணுவுக்கும் உறுதியானது, வலுவானது, நடுத்தரம், குறைந்தது, மறுக்கப்பட்டது என்று சான்றின் அளவைக் குறிக்கிறது.

நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. "பொது மக்களிடம் இந்த மாற்றம் இல்லை, ஆகவே அரியது" என்று சொல்வதற்கு எந்தப் பொது மக்கள்? நெடுங்காலம் அந்தத் தரவில் பெரும்பகுதி ஐரோப்பியர். தமிழர்களிடம் சாதாரணமாக உலவும் ஒரு மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லாததால் அரியதாகத் தோன்றும், அரியதாகத் தோன்றுவது ஆபத்தாகத் தோன்றும். இந்த இடைவெளி மெல்ல நிரம்புகிறது. 1000 ஜீனோம் திட்டத்தில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்களின் மாதிரிகள் சேர்ந்தன. 2009-இல் வந்த சிங்கப்பூர் ஆய்வில் 83 இந்தியர்கள் இருந்தனர். 2019-இல் ஜீனோம் ஏஷியா திட்டம் 1,739 பேரின் முழு மரபுத்தொகுதியை வெளியிட்டது. மெட்ராஸ் பல்கலைக்கழக மரபியலாளர்கள் தமிழ்நாட்டு மக்களிடம் சி-ஜி-ஜி எண்ணிக்கை எப்படி வேறுபடுகிறது என்றே தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். இலங்கையில் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளிடம் நொய்ந்த எக்ஸைத் தேடிய ஆய்வு 2015-இல் வந்தது.

சொந்தத்தில் கட்டுவது பற்றி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அக்காள் மகளைக் கட்டினால் குறைபாடு வரும் என்ற பேச்சில் பாதி உண்மை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஒடுங்கு மரபணு வந்தால்தான் தோன்றும் நோய்களுக்குச் சொந்தத் திருமணம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் எக்ஸ் வழி நோயில் கடத்தியான பெண், நல்ல ஆரோக்கியமான தாய்மாமனைக் கட்டினாலும் சரி, ஈப்போவிலிருந்து வந்த அந்நியரைக் கட்டினாலும் சரி, மகனுக்கு ஆபத்து அதே 1/2 தான், ஏனென்றால் மகனுக்கு அப்பா எக்ஸைக் கொடுப்பதே இல்லை. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு குடும்பத்தில் எந்த வகை நோய் என்று தெரியாமல் திருமணத்தைப் பழி சொல்வது, விடைத்தாளைப் பார்க்காமல் புள்ளி போடுவது மாதிரி.

தோட்டங்கள் போய்விட்டதால் ஒரு நடைமுறை இழப்பும் இருக்கிறது. சுங்கை காடுட்டைச் சுற்றியும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. ஒரே லயத்தில் இருந்த மாமனும் சின்னம்மாவும் இன்று நீலாய், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். மரபியல் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு, "உங்கள் அம்மாவின் அண்ணன் தம்பிகள் எப்படி?" என்பதற்கு, இளம் தாய்க்குப் பதில் தெரிவதில்லை. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாம்: யார் பேச்சு தாமதம், யார் பள்ளியை விட்டார், எந்தக் குழந்தை சின்ன வயதில் இறந்தது. ஆசிரியர் இதை விசாரிக்கக் கூடாது, அது நம் வேலை இல்லை. ஆனால் மகனுக்கும் தாய்மாமனுக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்று தாயே சொன்னால், அரசாங்க கிளினிக் வழியாகக் கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் துறைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம் என்று சொல்லுங்கள். சோதனை முடிவு வரும் வரை சிறப்புக் கல்வி வகுப்பு காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக வகுப்புக்கு ஒரு கேள்வி. முழுக்கக் கற்பனைக் குடும்பம், 8 புள்ளி.

ஒரு பையனுக்கு அறிவுத்திறன் குறைபாடு. அவனுடைய பெரிய தாய்மாமனுக்கும் சின்னம்மா மகனுக்கும் அதே குறைபாடு. மூவரிடமும் எக்ஸில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. சின்னத் தாய்மாமன் நன்றாக இருக்கிறார், வங்கியில் வேலை, சோதனை செய்யவில்லை. பொதுத் தரவில் நலமாக உள்ள மூன்று ஆண்களிடம் இதே மாற்றம் இருக்கிறது. (அ) வம்சாவளிப் படம் வரைக. (ஆ) மாற்றம் காரணம் என்பதற்கு ஆதரவான சான்று எது? (இ) எதிரான சான்று எது? (ஈ) அடுத்து யாரைச் சோதிக்க வேண்டும், ஏன்?

புள்ளி பகிர்வு: படத்துக்கு 2. மூவரும் தாய்வழி உறவினர், மூவரிடமும் மாற்றம் ஒத்துப்போகிறது என்று எழுதினால் 2, ஆனால் மூன்று பேர் போதாது என்பதையும் சொன்னால்தான் இரண்டாவது புள்ளி. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் நலமான மூன்று ஆண்கள் எதிர்ச்சான்று என்றால் 2. சின்னத் தாய்மாமன் என்று எழுதி, அவரிடம் மாற்றம் இருந்தால் காரணம் என்ற வாதம் விழுந்துவிடும், இல்லாவிட்டால் வாதம் சற்று வலுக்கும், நிரூபணம் ஆகாது என்று விளக்கினால் மீதி 2.